அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது, நான் இப்போதே என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: என் அப்பாவுக்கு 58 வயதில் பக்கவாதம் வந்தது. எனக்கு 42, எந்தத் தொந்தரவும் இல்லை. ஒருமுறை பிரஷர் 150/94 என்று காட்டியது, டென்ஷன் என்று விட்டுவிட்டேன். நடைப்பயிற்சி ஆரம்பித்தால் போதுமா? தினம் ஒரு ஆஸ்பிரின் போட்டுக்கொள்ளலாமா?

ஆஸ்பிரினை நீங்களாகத் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே அடைப்பு வந்தவர்களுக்கு மருத்துவர் யோசித்து எழுதிக் கொடுக்கும் மாத்திரை அது. ஒன்றும் வராதவர் தானாகப் போட்டுக்கொண்டால் வயிற்றிலோ மூளையிலோ ரத்தம் கசியும் அபாயம் கூடும்.

நடை நல்லதுதான். ஆனால் போகிறபோக்கில் சொன்னீர்களே, அந்த 150/94, என் கண் அங்கேதான் நின்றது. அப்பாவின் வரலாற்றை மாற்ற முடியாது. மாற்றக்கூடிய காரணங்களில் பக்கவாதத்துக்கு முதல் காரணம் ரத்தக் கொதிப்புதான். வருடக்கணக்கில் அழுத்தம் தாங்கிய ரத்தக்குழாயின் உட்சுவர் தடித்து, கொழுப்பு படிந்து, ஒருநாள் அடைபடும், இல்லையென்றால் மூளைக்குள் இருக்கும் மெல்லிய குழாய் வெடிக்கும். அதுவரை பெரும்பாலும் தலைவலிகூட வராது. அதனால் "தொந்தரவு இல்லை" என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, வீட்டிலேயே அளந்து பாருங்கள், மேல்கையில் கட்டும் கருவியில். அரை மணி நேரம் முன்பிருந்தே காபியும் சிகரெட்டும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு உட்காருங்கள் (சிரிக்க வேண்டாம், அடக்கிக்கொண்டு உட்கார்ந்தால் எண் நிஜமாகவே ஏறும்). முதுகு சாய்ந்து, கால் மேல் கால் போடாமல், ஐந்து நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, கையை மேஜைமேல் இதய உயரத்துக்கு வைத்து, சட்டைமேல் அல்ல, தோலின்மேல் பட்டையைக் கட்டி, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. காலையும் மாலையும் ஏழு நாள். முதல் நாளை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி போடுங்கள். 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் அந்தத் தாளோடு மருத்துவரிடம் போங்கள். மாத்திரை கொடுத்து எண் இறங்கினால், குணமாகிவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். இறங்கியதே மாத்திரையால்தான். இந்தத் தப்பைத்தான் அதிகம் பேர் செய்கிறார்கள்.

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன், பாக்கெட் தின்பண்டத்திலும் ரொட்டியிலும் ஒளிந்திருப்பதையும் சேர்த்து. நடை வாரத்துக்கு 150 நிமிடம். பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக்கூடாது, அந்த வேகம். சிகரெட்டைக் குறைப்பது போதாது, விட வேண்டும். மது குறையக் குறைய நல்லது. சர்க்கரை, கொழுப்பு இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நிற்கிறது என்று வீட்டில் சொன்னால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்புறம், மணிக்கட்டில் விரல் வைத்துப் பாருங்கள், துடிப்பு தாறுமாறாக இருந்தால் ஈசிஜி எடுக்க வேண்டும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறு பக்கவாத வாய்ப்பைச் சுமார் ஐந்து மடங்காக்கும்.

திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணினாலோ, தூக்கிய கை தானாகச் சரிந்தாலோ, பேச்சு குழறினாலோ, பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதனால் கடைசியாக எப்போது நன்றாக இருந்தீர்கள் என்றுதான் ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பார்கள். தூங்கி எழுந்தபோதே அப்படி இருந்தால், படுக்கப் போனபோது மணி என்ன என்று சொல்ல வேண்டும்.