மார்ச் மாதப் புல்தரை: வாசகர் கேள்வி, பதில்

பனி கரையத் தொடங்கியதும் ரொறன்ரோ பெரும்பாகத்து வாசகர்கள் புல்தரை பற்றி அனுப்பிய கேள்விகளில் சில.

கேள்வி (ஸ்காபரோ): மார்ச் தொடங்கியதும் எங்கள் முன்வளவில் ஸ்னோ முழுக்கக் கரைந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் வாரிக் கூட்டி, உரமும் போட்டுவிட்டார். நாங்கள் பிந்திவிட்டோமா?

பதில்: பிந்தவில்லை, அவர்தான் முந்திவிட்டார். மேல்மண் சில சென்ரிமீற்றர் இளகியிருந்தாலும் அடியில் மண் இன்னும் உறைந்தே கிடக்கும். கரைந்த நீர் கீழே இறங்க வழியின்றி மேலேயே நிற்கும். அந்த நேரத்தில் மிதித்தால் களிமண் இறுகி, கோடை முழுக்க வேருக்குக் காற்றுப் போகாது. சோதனை சுலபம். ஒரு பிடி மண்ணைக் கையில் எடுத்து அமுக்குங்கள். உருண்டையாகி விரலில் ஒட்டினால் பொறுத்திருங்கள்; விரலால் தட்டியதும் உதிர்ந்தால் இறங்கி வேலை செய்யலாம். பெரும்பாலும் அது ஏப்ரலில்தான் வரும்.

உரத்துக்கு இன்னும் பொறுமை வேண்டும். உறைந்த மண்ணில் போட்ட உரம் வேருக்குப் போகாமல் தெருவோர வடிகாலுக்குப் போய், ஓடைகள் வழியாக ஒன்ராறியோ ஏரியில் சேரும். மண் இளகிய பிறகு சீக்கிரமே போட்டாலும் நன்மை குறைவு: இலை மட்டும் மளமளவென்று வளரும், வேர் பின்தங்கும், ஜூலை வெயிலில் புல் துவண்டுவிடும். இரண்டு மூன்று தடவை வெட்டிய பிறகு, மே மாத விக்ரோறியா தின விடுமுறையை ஒட்டிப் போடுங்கள். 100 சதுர மீற்றருக்கு அரைக் கிலோ நைதரசன் என்பது பொதுவான அளவு. உரப் பையில் இருக்கும் மூன்று எண்களில் முதலாவதுதான் நைதரசன் வீதம். அது 25 என்றால், 50 சதுர மீற்றர் முன்வளவுக்கு ஒரு கிலோ உரம் போதும்.

கேள்வி (மார்க்கம்): ஸ்னோ கரைந்த இடத்தில் வட்டம் வட்டமாகப் புல் படிந்து, சாம்பல் நிறத்தில் நூல் மாதிரி ஏதோ படர்ந்திருக்கிறது. மருந்து அடிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். இது பனிக்காலப் பூஞ்சணம். கிட்டப் பார்த்தால், காய்ந்த இலைகளில் கடுகு போலச் சிறு கபில உருண்டைகள் ஒட்டியிருக்கும். டிரைவ்வேயில் தள்ளிய ஸ்னோவை ஒரே இடத்தில் குவித்த வீடுகளில் இது அதிகம் வரும். இலையுதிர்காலத்தில் கடைசியாக வெட்டாமல் நீளமாக விட்ட புல்லும், பிந்திப் போட்ட நைதரசனும் இதற்குத் துணை. தரை காய்ந்ததும் விசிறி வாரியால் மெல்லக் கிளறி, படிந்த புல்லை நிமிர்த்திவிடுங்கள். காற்றும் வெயிலும் பட்டால் பூஞ்சணம் அடங்கிவிடும். இரும்புப் பல் வாரி வேண்டாம், உயிருள்ள குருத்தையும் பிடுங்கிவிடும். இன்னும் கரையாத ஸ்னோக் குவியல் இருந்தால் சவளால் பரப்பிவிடுங்கள்.

கேள்வி (ஏஜாக்ஸ்): டிரைவ்வே ஓரமாக ஒரு மீற்றர் அகலத்துக்குப் புல் ஒவ்வொரு வருடமும் கருகுகிறது. உப்பா?

பதில்: உப்புத்தான். சோடியம் களிமண்ணின் கட்டமைப்பைக் குலைத்து, தண்ணீர் இறங்காதபடி இறுக்கிவிடும். உறைபனி விலகி வெளிக் குழாயைத் திறந்ததும் முதல் வேலையாக அந்த ஓரத்தைக் கழுவுங்கள். ஒரு மீற்றர் அகலம், பத்து மீற்றர் நீளம் என்றால் ஒரு தடவைக்கு 250 லீற்றர் அளவில் மெதுவாக விட்டு, சில நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தடவை செய்யலாம். களிமண்ணாக இருந்தால், கழுவுவதற்கு முன் அந்த இடத்துக்கு இரண்டு கிலோ ஜிப்சம் தூவுங்கள். அதிலுள்ள கல்சியம் சோடியத்தை இடம்பெயர்க்கும், தண்ணீர் அதை அடித்துச் செல்லும். தண்ணீர் விடாமல் ஜிப்சம் மட்டும் போடுவது காசுக்கு நட்டம். மறுபடி விதைக்கும்போது அந்த ஓரத்துக்கு கென்ரக்கி புளூகிராஸ் வேண்டாம், உப்பைத் தாங்காது. கிரீப்பிங் ரெட் பெஸ்கியூ கூடிய கலவை பாருங்கள்.

கேள்வி (பிறம்ரன்): வெறுமையான இடங்களுக்கு இப்போதே விதை தூவலாமா? கிராப்கிராஸ் களை வராமலிருக்க என்ன போடலாம்?

பதில்: முதல் கேள்விக்கு, ஆம். இரவில் உறைந்து பகலில் இளகும் மார்ச் நாட்களில் மண்ணில் மயிரிழை வெடிப்புகள் வரும். விதை தானாக அதற்குள் இறங்கும். காலையில் தரை கட்டியாக இருக்கும்போது, வெறும் மண்ணில் மட்டும், சதுர மீற்றருக்கு 30 முதல் 40 கிராம் தூவுங்கள். மண் சூடேறும் வரை முளைக்காது, பயப்பட வேண்டாம். சரிவான இடத்தில் மழை அடித்துச் சென்றுவிடும், அங்கே ஏப்ரல் கடைசி வரை பொறுங்கள். மண் சூடேறிய பிறகு ரைகிராஸ் புல் ஒரு வாரத்தளவில் தலைகாட்டும். புளூகிராஸுக்கு மூன்று வாரமும் ஆகலாம். அதற்குள் முளைக்கவில்லையென்று கிளறிப் பார்க்காதீர்கள்.

இரண்டாவது கேள்வி சிக்கலானது. யூரியூப்பில் அமெரிக்கர்கள் காட்டும் தடுப்பு மருந்துகளை வீட்டுப் புல்தரைக்குப் பாவிக்க, 2009 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஒன்ராறியோவின் களைக்கொல்லி, பூச்சிகொல்லித் தடை இடம் தராது. இங்கே கிடைப்பது கோர்ன் குளூட்டன் மீல், அதாவது சோளத்திலிருந்து எடுக்கும் ஒரு தூள். முளைக்கும் விதை வேர் விடுவதை இது தடுக்கும். ஆனால் புல் விதையையும் அதேபோல் தடுக்கும். ஆகவே விதை தூவிய இடத்தில் அதைப் போடக்கூடாது. மற்ற இடங்களுக்கு, போர்சித்தியாச் செடி மஞ்சளாகப் பூக்கும் நாட்களில் 50 சதுர மீற்றருக்கு 5 கிலோ. போட்டதும் லேசாகத் தண்ணீர் விட்டு, பிறகு சில நாள் காய விடுங்கள். தொடர்ந்து மழையென்றால் பலன் குறையும். அதில் 9 வீதம் அளவுக்கு நைதரசன் இருப்பதால் அந்த இடத்துக்கு மே மாத உரம் தேவையில்லை.

கேள்வி (ஸ்காபரோ): பாசி பிடித்திருக்கிறது. சுண்ணாம்பு போடலாமா?

பதில்: மண்ணைச் சோதிக்காமல் போடாதீர்கள். தென் ஒன்ராறியோ மண் பெரும்பாலும் சுண்ணக்கல்லிலிருந்து வந்தது, ஏற்கனவே காரத்தன்மை உள்ளது. பாசிக்கு நிழலும் ஈரமும் இறுகிய மண்ணும்தான் பொதுவான காரணம்.

கேள்வி (மிசிசாகா): ஸ்கங்க் இரவிரவாகப் புல்லைப் புரட்டுகிறது.

பதில்: அது தேடித் தின்னும் வண்டுப்புழு அடியில் இருக்கிறது. ஓர் அடிச் சதுரத்தை மூன்று பக்கம் வெட்டி, பாய் சுருட்டுவதுபோல் புரட்டி எண்ணுங்கள். வெள்ளையாக, சி வடிவில் வளைந்து கிடக்கும். ஐந்துக்குக் குறைவென்றால், புரட்டிய புல்லை அமுக்கிவைத்துத் தண்ணீர் விட்டாலே போதும். பத்துக்கு மேலென்றால், வண்டுப்புழுவைக் கொல்லும் நெமற்றோட் என்ற நுண்புழு தேவை. ஆனால் இப்போது வாங்காதீர்கள்: மண் குளிர், வண்டுப்புழுவும் முற்றிவிட்டது. ஓகஸ்ட் கடைசி, செப்ரெம்பர் தொடக்கத்தில் இளம் வண்டுப்புழுக்களுக்குப் போட்டால்தான் பிடிக்கும்.

கேள்வி (ஏஜாக்ஸ்): புல் வெட்டும் மிஷினுக்கு இப்போது என்ன பார்க்க வேண்டும்?

பதில்: போன வருடத்துப் பெற்றோல் உள்ளே கிடந்தால் வெளியே எடுத்துவிடுங்கள், பிசினாகி காபரேற்றரை அடைக்கும். பிளேட்டைக் கழற்றுமுன் ஸ்பார்க் பிளக் வயரைப் பிடுங்குங்கள். மிஷினைச் சரிக்கும்போது எயார் பில்ற்றர் மேல்பக்கம் இருக்கட்டும், இல்லாவிட்டால் எண்ணெய் அதற்குள் இறங்கிவிடும். தீட்டிய பிளேட்டை ஓர் ஆணியில் நடுத்துளையில் மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் ராவுங்கள். மழுங்கிய பிளேட் புல்லை அறுக்காமல் கிழிக்கும், மறுநாள் நுனியெல்லாம் வெளிறும். முதல் வெட்டு, புல் 9 சென்ரிமீற்றர் வந்ததும். 6க்குக் கீழே இறக்காதீர்கள்.