நடை தளர்ந்த அம்மாவுக்கு நடனப் பயிற்சி கொடுக்கலாமா?

"அம்மாவுக்கு 79 வயது. ஆள் மெலிந்துவிட்டார், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். பாட்டுப் போட்டு ஆடுகிற மாதிரி பயிற்சி கொடுத்தால் விழுந்துவிடுவாரோ?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் நாற்காலியில் உட்கார வைத்து ஆரம்பியுங்கள். நான் பிசியோதெரபிஸ்ட். வீடுகளுக்குப் போய் வயதானவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். நம் ஊர்ப் பெண்களுக்கு நான் முதலில் எடுப்பது கும்மிதான்.

காரணம் இருக்கிறது. வயதானவர்கள் கால் தடுக்கித்தான் விழுகிறார்கள் என்று நினைக்கிறோம். கனடாவில் முதியோர் இல்லங்களில் கேமரா வைத்து, 227 முறை விழுந்ததைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். 2013-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் அது வெளிவந்தது. தடுக்கி விழுந்தது 21 சதவீதம்தான். உடம்பின் பாரத்தைச் சரியாக மாற்ற முடியாமல் விழுந்தது 41 சதவீதம். கும்மியில் முழுக்க முழுக்க இருப்பதே பாரத்தை மாற்றுவதுதானே! வலது காலில் ஊன்றி, இடது காலுக்கு மாறி, பக்கவாட்டில் ஓர் அடி வைத்து, அதோடு கையும் தட்ட வேண்டும்.

இன்னொன்று, மனசு. ஒரு பாட்டியிடம் "குதிகாலைத் தூக்குங்கம்மா, பத்து தடவை" என்றால் மூன்றோடு நிறுத்திவிடுவார். ஒருநாள் அவருடைய மகள் பக்கத்தில் உட்கார்ந்து முளைப்பாரிப் பாட்டு ஒன்றை எடுத்துவிட்டார். பாட்டியின் குதிகால் தானாகத் தாளம் போட ஆரம்பித்தது. நான் தூக்கச் சொல்லும்போது தோளுக்கு மேலே வராத கை, தட்டுவதற்காக மேலே போனது. பாட்டு முடிந்ததும் "அடுத்ததை எடுடி" என்றார்.

சரி, எப்படிச் செய்வது? கைப்பிடி உள்ள கனமான மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம், டைல்ஸ் தரையில் பின்னால் வழுக்கிக்கொண்டு போய்விடும். புடவையோ நைட்டியோ, கணுக்காலுக்கு மேலே இருக்கட்டும். முதலில் உட்கார்ந்தபடியே காலால் தாளம், கைதட்டல், முட்டியை மாற்றி மாற்றித் தூக்குவது. ஐந்து, பத்து நிமிடம் போதும். இது பழகி, தெம்பு வந்த பிறகு சமையல் மேடையைப் பிடித்து நின்றபடி பாரத்தை மாற்றச் சொல்லுங்கள். அப்புறம் பக்கவாட்டில் ஓரடி. நீங்கள் கைக்கெட்டும் தூரத்தில் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

கும்மியில் குனிந்து தட்டுவதையும் சுற்றித் திரும்புவதையும் எடுத்துவிடுங்கள். எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமானவர்களுக்கு முதுகை வளைத்துக் குனிவது முதுகெலும்பு நொறுங்குவதில் முடியலாம். மார்புக்கு நேரே தட்டினால் போதும். இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் காலைக் குறுக்கே போடுவதற்கு முன்னால் அறுவை செய்த டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும்.

நடனம் மட்டுமே போதும் என்று சொல்ல மாட்டேன். முறையான உடற்பயிற்சி விழுவதைக் கிட்டத்தட்ட கால் பங்கு குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. அதில் பெரும்பங்கு சமநிலைப் பயிற்சிக்குத்தான். நடனத்துக்கு மட்டும் தனியாக அவ்வளவு உறுதியான ஆதாரம் இன்னும் இல்லை. மெலிந்த உடம்புக்குத் தசையும் வேண்டும். அதனால் இரண்டு பாட்டுக்கு நடுவே நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொல்லுங்கள், முடிந்தால் கையை ஊன்றாமல். சாப்பாட்டில் பருப்பு, முட்டை, தயிர் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் எவ்வளவு சாப்பிடலாம் என்று டாக்டர் சொல்லட்டும்.

ஆரம்பிக்கும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். பிரஷர் மாத்திரை போடுகிறாரா? உட்கார்ந்து எழும்போது தலை சுற்றுகிறதா? சுற்றினால் நிற்கும் பயிற்சி இப்போதைக்கு வேண்டாம், மாத்திரை அளவைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள். சமீபத்தில் விழுந்திருந்தாலும் ஒருமுறை நேரில் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். பயிற்சியின்போது நெஞ்சு வலியோ, பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்குவதோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

பாட்டை மட்டும் அம்மாவே தேர்ந்தெடுக்கட்டும்.