‘கோப்பை உடைஞ்சு போச்சு’ என்றால் உடைத்தது யார்?

மட்டக்களப்பு அடுக்களையிலிருந்து இந்தக் குரல் வந்தால், உடைத்த கையை வாக்கியத்தில் தேட வேண்டாம், இலக்கணம் மறைத்துவிட்டது. தமிழில் பல வினைகள் இரட்டையாக வரும்: உடைந்தது–உடைத்தேன், கவிழ்ந்தது–கவிழ்த்தேன், தொலைந்தது–தொலைத்தேன். இவற்றில் ‘ந்த்’ என்றால் தானாக நடந்தது. ‘த்த்’ என்றால் செய்தவர் உண்டு. ‘போச்சு’ சேர்ந்தால் கைமீறிய தொனியும் ஏறும். ‘எனக்கு மறந்து போச்சு’ இன்னும் கெட்டித்தனம்: நான்காம் வேற்றுமை மறந்தவரையே பாதிக்கப்பட்டவராக்குகிறது. (கொதிநீர் பட்டு வெடித்த கண்ணாடிக்கு ‘உடைஞ்சு போச்சு’ நியாயம்தான்.)

கூத்தில் வேறு வகை. அங்கே செய்தவர் மறைவதில்லை, மாறுகிறார்: தாளம் தப்பிய ஆட்டக்காரர் ‘மத்தளம் பிந்திப்போச்சு’ என்பார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றதுபோலத்தான். ஆனால் மத்தளம் கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் கையில், வட்டக்களரி என்னும் வட்டமான ஆடுகளத்தைச் சுற்றிச் சபை. அந்தச் சாட்டு எடுபடாது.