கதவு சாத்தினால் அரிசிக்கு என்னாகும்? வாசகர் கேள்விகள்

கே: 2023-ல் அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டார்கள். ஊர் அரிசி ஊரிலேயே இருப்பது நல்லதுதானே?
மளிகைக் கடைக்காரர், தேவகோட்டை

ப: கடையில் விலை ஏறும்போது அப்படித்தான் தோன்றும். ஆனால் நல்லது யாருக்கு? 2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத பச்சரிசிக்குத் தடை வந்தது. அடுத்த மாதமே புழுங்கலுக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி. உலகச் சந்தைக்கு வரும் அரிசியில் ஏறக்குறைய 40 சதவீதம் நம்முடையது. அதற்கு முந்தைய ஆண்டு, 2022 செப்டம்பரில், நொய்யரிசி ஏற்றுமதியை நிறுத்தியிருந்தோம். நமக்கு நொய் என்றால் கஞ்சிக்கும் கோழிக்கும். செனகல் நாட்டில் மீனோடு சேர்த்து ஆக்கும் தேசியச் சாப்பாடே நொய்யில்தான்! தடை போட்டால் வாங்கித் தின்பவருக்கு விலை கொஞ்சம் அடங்கும். அந்தச் சுமை கண்மாய்ப் பாசனத்தில் நெல் போட்டவர் தலையில் விழும்.

2008-ஐ நினைத்துப் பாருங்கள். உலகில் நெல் விளைச்சல் பொய்க்கவில்லை. இந்தியாவும் வியட்நாமும் கதவைச் சாத்தின, பிலிப்பைன்ஸ் பயந்துபோய் வாங்கிக் குவித்தது, தாய்லாந்து அரிசி டன் 1,000 டாலரைத் தாண்டியது. பச்சரிசித் தடை 2024 செப்டம்பரில் நீங்கிவிட்டது. நம்மை நம்பி வாங்கியவர்களின் பயம் அவ்வளவு சீக்கிரம் நீங்காது.

கே: எங்க ஐயா ரங்கூனில் கடை வைத்திருந்தார்கள். பர்மா அரிசி மூட்டை மூட்டையாக வந்ததைச் சொல்வார்கள். அது ஏன் நின்றது?
ஆச்சி ஒருவர், கானாடுகாத்தான்

ப: ஆச்சி, உங்கள் வளவில் நிற்கும் பர்மாத் தேக்குத் தூணுக்கும் இந்தக் கதைக்கும் ஒரே வயது. 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவில் ஒரு மாகாணம். ரங்கூன் அரிசி சென்னைக்கு வருவது, தஞ்சாவூர் அரிசி காரைக்குடிக்கு வருவது மாதிரிதான். சுங்கம் கிடையாது, அங்கேயும் ரூபாய்தான். ஐராவதி டெல்டாவில் காட்டைத் திருத்தி நெல் போட்டவர்களுக்குக் கடன் கொடுத்தவை, கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன நம் செட்டிநாட்டாரின் கடைகள். 1930-களில் ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டன் அரிசி பர்மாவிலிருந்து கப்பலேறியது. ஏறக்குறைய பாதி இந்தியாவுக்கு வந்தது.

இதில் கசப்பும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 1930-க்குப் பிறகு நெல் விலை சரிந்து, கடன் அடையாமல், டெல்டாவின் முக்கிய மாவட்டங்களில் நாலில் ஒரு பங்கு நிலம் செட்டிநாட்டார் கைக்கு வந்துவிட்டது. சந்தை திறந்திருந்தால் போதும் என்று யாராவது சொன்னால், அந்தப் பர்மிய உழவரைத்தான் நான் நினைத்துக்கொள்வேன்.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. அரிசிக் கப்பல் நின்றது. மறு ஆண்டே வங்காளத்தில் பஞ்சம். அதற்குக் காரணங்கள் பல, பர்மா அரிசி வராமல் போனதும் அவற்றில் ஒன்று. இலங்கையும் அதே அரிசியைத்தான் நம்பியிருந்தது. பின்னாளில், 1952-ல், சீனாவுக்கு ரப்பர் கொடுத்து அரிசி வாங்க ஒப்பந்தம் போட்டது.

கே: தெற்காசிய நாடுகளின் சார்க், தென்கிழக்கு ஆசிய நாடுகளின் ஆசியான் அமைப்புகள் பொது அரிசி இருப்பு வைத்திருக்கின்றனவாமே?
பொருளாதார மாணவி, காரைக்குடி

ப: ஆமாம். ஆசியான் நாடுகளோடு சீனா, ஜப்பான், தென்கொரியா சேர்ந்து ஒதுக்கியது 7,87,000 டன். அதில் ஆசியான் நாடுகளின் பங்கு 87,000 டன்தான். சார்க் இருப்பு 1988-லேயே தொடங்கியது. 1991-ல் வங்கதேசம் புயலில் சிதைந்தபோதுகூட உதவவில்லை. நெல் அவரவர் கிடங்கில், கணக்கு மட்டும் பொதுவில் என்றால் இப்படித்தான் ஆகும்.

கே: வரி இல்லாத பக்கத்து நாடுகளுக்குள்ளும் தானிய லாரி எல்லையில் நிற்பது ஏன்?
அரிசி ஆலை வைத்திருப்பவர், புதுவயல்

ப: உங்கள் ஆலை வாசலில் மூட்டையைக் குத்தி நாலு நெல்லை எடுத்துப் பல்லில் கடிப்பார்களே, அதில் இருக்கிறது பதில். ‘கடக்’கென்று ஒடிந்தால் காய்ந்த நெல், நசுங்கினால் ஈரம். கிழக்கு ஆப்பிரிக்காவிலும் இதே ஈரம்தான் தகராறு. 2021 மார்ச்சில் உகாண்டா, தான்சானியா மக்காச்சோளத்தில் அஃப்ளாடாக்சின் என்ற, ஈரத் தானியத்தில் வளரும் பூஞ்சையின் நஞ்சு இருப்பதாகச் சொல்லி கென்யா நிறுத்தியது. மூன்றும் ஒரே சுங்க ஒன்றியம்! சில நாளில் தடை தளர்ந்தது. ஆனால் நஞ்சு நூறு கோடியில் 10 பங்குக்குக் கீழே என்று சான்று வேண்டும் என்றார்கள். இரண்டு ஏக்கர்க்காரர் அந்தச் சான்றுக்கு எங்கே போவார்? அவருக்கு முதலில் வேண்டியது ஒரு தார்ப்பாயும் காயவைக்க நல்ல களமும். அப்புறம், எல்லையின் இரண்டு பக்கமும் செல்லுபடியாகும் ஒரே சோதனைச் சீட்டு.