பக்கத்து வீட்டுப் பாட்டியின் நினைவுகள்

கேள்வி: கன்சாஸில் வசிக்கிறேன். பக்கத்து வீட்டு அமெரிக்கப் பாட்டிக்கு 98 வயது. சிறுவயதுச் சிற்றூர் வாழ்க்கையைச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்ய ஆசை. என்ன கேட்கலாம்?

பதில்: “அந்தக் காலம் எப்படி இருந்தது?” என்று மட்டும் கேட்காதீர்கள். “நன்றாக இருந்தது” என்று முடித்துவிடுவார். புழுதிப் புயல்களைப் பற்றிக் கேளுங்கள். 1935 ஏப்ரல் 14, பெரும் புழுதிப் புயல் பகலையே இருட்டாக்கிய ‘கறுப்பு ஞாயிறு’ அன்று எங்கே இருந்தார்? ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி செருகியது யார்? சாப்பாட்டு மேஜையில் தட்டுகளைக் கவிழ்த்து வைத்தார்களா?

அப்புறம் தொலைபேசி. ஒரே கம்பியைப் பல வீடுகள் பகிர்ந்துகொண்ட காலம் அது. ஒட்டுக்கேட்டதுண்டா என்று கேட்டுப் பாருங்கள், ஊர்க்கதை மொத்தமும் வரும்! (நானாக இருந்தால் இதிலேயே தொடங்குவேன்.) அவர் பேச்சை நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். பதிவை யாருக்கெல்லாம் தரலாம் என்பதை அவரிடமே முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள்.