கேப் டவுனில் ஒரே ஒரு நாள்: பேக்கேஜுக்கு முன்பணம் கட்டலாமா?

கேள்வி: ஜனவரியில் அலுவலக வேலையாக ஜோகன்னஸ்பர்க் போகிறேன், மனைவியும் கூட வருகிறார். ஊர் திரும்புவதற்கு முன் கேப் டவுனில் ஒரு முழு நாள் கிடைக்கும். எங்கள் ஊர் டிராவல்ஸில் விசாரித்தேன். தனி கார், டேபிள் மவுண்டன் ரோப் கார், ராபன் தீவு, பென்குயின் கடற்கரை, கேப் பாயின்ட், சாயங்காலம் திராட்சைத் தோட்டம், எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கு 48,000 ரூபாயாம். முழுப் பணமும் இப்போதே கட்ட வேண்டும், ரீஃபண்ட் கிடையாது என்கிறார்கள். கட்டலாமா?

பதில்: வேண்டாம். விலை கூடுதலா, குறைவா என்பதெல்லாம் அப்புறம். முதலில் அவர்கள் விற்பது ஒரு நாளில் நடக்காத காரியம்.

மண்டேலா சிறையிருந்த ராபன் தீவுக்குப் படகு வாட்டர்ஃபிரன்ட் துறைமுகத்திலிருந்து கிளம்புகிறது. போக வர, தீவில் பஸ்ஸில் ஒரு சுற்று, சிறைக்குள் ஒரு சுற்று என்று மூன்றரை மணி நேரத்துக்குக் குறையாது, முன்னதாகப் போய் வரிசையில் நிற்பது தனி. கேப் பாயின்ட் நகரத்திலிருந்து தெற்கே ஏறக்குறைய 70 கிலோமீட்டர். வழியில் சைமன்ஸ் டவுனில் பென்குயினையும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பகல் முடிந்துவிடும். பெயர்பெற்ற திராட்சைத் தோட்டங்கள் இருக்கும் ஸ்டெல்லன்போஷ், கேப் டவுனுக்குக் கிழக்கே 50 கிலோமீட்டர், அதாவது வேறு திசை. இத்தனையும் ஒரே நாளில் என்றால், மத்தியானம் டிரைவர் கடிகாரத்தைக் காட்டி "நேரமில்லை சார்" என்று இரண்டு இடங்களை வெட்டுவார், அந்த இரண்டுக்கும் நீங்கள் ஏற்கனவே பணம் கட்டியிருப்பீர்கள்.

இன்னொரு விஷயம் காற்று. கேப் டவுனில் கோடைக்காலம் நம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை, அப்போது தென்கிழக்கிலிருந்து ஒரு காற்று அடிக்கும். நகரத்தின் புகையையும் அழுக்கையும் அடித்துக்கொண்டு போவதால் உள்ளூரில் அதற்கு 'கேப் டாக்டர்' என்று பெயர். அது பலமாக அடித்தால் மலையுச்சியில் வெள்ளை மேகம் படர்ந்து விளிம்பு வழியாக வழிய ஆரம்பிக்கும், கீழே இருந்து பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும், ஆனால் ரோப் காரை நிறுத்திவிடுவார்கள். ஒரு நாளோ இரண்டு நாளோ கூட நிற்கலாம். இணையத்தில் வாங்கும் சீட்டு குறித்த தேதிக்குப் பிறகும் சில நாள் செல்லும்தான், ஒரே நாள் இருக்கிற உங்களுக்கு அதனால் என்ன பிரயோசனம்? ஆகவே ரோப் கார் சீட்டை இங்கிருந்தே வாங்காதீர்கள். அன்றைக்குக் காலை எழுந்ததும் அவர்கள் இணையதளத்தைத் திறந்தால் ஓடுகிறதா இல்லையா என்று போட்டிருக்கும், பார்த்துவிட்டு மொபைலிலேயே வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். மத்தியானச் சீட்டு காலைச் சீட்டைவிட மலிவு, இருந்தாலும் உங்கள் கணக்கில் காலைதான் லாபம், ஏனென்றால் அந்தக் காற்று பெரும்பாலும் பிற்பகலில்தான் வலுக்கும்.

கேபினில் ஜன்னலோரம் பிடிக்க முண்டியடிக்க வேண்டாம். அறுபத்தைந்து பேர் நிற்கிற கேபின், ஏறும்போது தரையே மெதுவாகச் சுற்றும், ஓரத்தில் நிற்கும் எல்லோருக்கும் ஒரு முறை மலையும் ஒரு முறை கடலும் வந்துபோகும். மேலே ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம், ஜனவரியானாலும் ஒரு ஜாக்கெட் இருக்கட்டும். ஹூட்டர் ஊதினால் காற்று வலுக்கிறது என்று அர்த்தம், இன்னும் ஒரு போட்டோ என்று நிற்காமல் கீழே இறங்கும் வரிசைக்குப் போங்கள்.

மலைக்குப் பிறகு பென்குயினா, தீவா, ஒன்றைத்தான் எடுக்கலாம். இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். என் ஓட்டு தீவுக்கு. மண்டேலா சிறையில் கழித்த 27 வருடங்களில் 18 அங்கேதான். சிறையைச் சுற்றிக் காட்டுபவர்கள் அங்கேயே அரசியல் கைதிகளாக இருந்தவர்கள், அவர்களுக்கும் வயதாகிறது. இந்தச் சீட்டை மட்டும் முன்பே வாங்குங்கள், டிசம்பர் ஜனவரியில் சீக்கிரம் தீர்ந்துவிடும். கடல் மோசமானால் படகும் நிற்கும் என்பதால் ரத்து விதி எழுதியிருக்கும் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மத்தியானப் படகு எடுத்தால் காலை மலைக்குத் தாராளமாக நேரம் இருக்கும். வெளிநாட்டுக்காரருக்குக் கட்டணம் கூடுதல்தான், அது ஏமாற்று அல்ல, மாமல்லபுரத்தில் நாம் செய்வதையே அவர்களும் செய்கிறார்கள்.

இடையில் நேரம் இருந்தால் போ-காப் என்ற குடியிருப்புப் பகுதியின் தெருக்களில் ஒரு நடை. பச்சை, மஞ்சள், ரோஸ் என்று வீட்டுக்கு ஒரு வண்ணம். டச்சுக் கம்பெனி அடிமைகளாகக் கொண்டுவந்த மக்களின் வழிவந்தவர்கள் பலர் இங்கே இருக்கிறார்கள். இந்தோனேசியத் தீவுகள், வங்காளம், மலபார் மட்டுமல்ல, நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் அப்படி ஆட்களை ஏற்றிப் போனார்கள். நடக்கக் காசு வேண்டாம், ஆனால் அவை ஜனங்கள் குடியிருக்கும் வீடுகள், வாசற்படியில் ஏறி நின்று போஸ் கொடுக்காதீர்கள். ஜனவரியில் எட்டு மணி வாக்கில்தான் சூரியன் மறையும், சிக்னல் ஹில் மேலே போய் உட்கார்ந்து பாருங்கள், அதுவும் இலவசம். இத்தனைக்கும் தனி கார் எதற்கு? ஊருக்குள் ஊபர், போல்ட் இரண்டும் ஓடுகின்றன.

கேள்வி: நாங்கள் ஏற்கனவே இதே மாதிரி ஒரு பேக்கேஜில் போய் வந்துவிட்டோம். ரோப் கார் ஓடவில்லை, தீவுக்கும் கூட்டிப் போகவில்லை. கேட்டால் "ரீஃபண்ட் கிடையாது என்று ரசீதிலேயே இருக்கிறதே" என்கிறார் ஏஜென்ட். ஒன்றும் செய்ய முடியாதா?

பதில்: முடியும். நீங்களாக மனம் மாறி ரத்து செய்தால் அந்த வரியை அவர் காட்டலாம். அவர் காட்டாத இடத்துக்கு, வாங்காத சீட்டுக்கு உங்கள் பணத்தை வைத்துக்கொள்வது வேறு, அது சேவைக் குறைபாடு. காற்றுக்கு அவர் பொறுப்பில்லை, சரி, ஆனால் ரோப் கார் சீட்டுக்கான காசு அவரிடம்தானே நிற்கிறது? எதெதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுத்தில் கேளுங்கள், போனில் பேசிப் பயனில்லை. பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், ஏஜென்ட் எந்த ஊரில் இருந்தாலும் சரி. கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ரசீது, பயணத் திட்டம், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: அங்கே கார்டு மெஷினில் ரூபாயா, ராண்டா என்று கேட்கிறது. எதை அழுத்துவது?

பதில்: ராண்ட், அதாவது அந்த நாட்டுப் பணம். ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதத்தைக் கடையின் பக்கம் இருக்கும் நிறுவனம் போடும், அது பெரும்பாலும் உங்கள் பேங்க் போடுவதைவிட மோசம். ஏடிஎம்மில் யாராவது உதவிக்கு வந்தால் கார்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். தெருவில் ஒருவர் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "இந்த ரோட்டில் நடக்க பெர்மிட் வேண்டும், ஏடிஎம்மில் எடுக்கலாம் வாங்க" என்றால் அது கலப்படமில்லாத மோசடி, அப்படி ஒரு பெர்மிட்டே கிடையாது. மஞ்சள் பனியன் போட்டு பார்க்கிங்கில் காரைப் பார்த்துக்கொள்பவர் வேறு ரகம், கார் எடுத்தால் அவருக்கு ஐந்தோ பத்தோ ராண்ட் கொடுப்பது அங்கே வழக்கம்.

கேள்வி: வாங்கிய பொருளுக்கு வரி திரும்பக் கிடைக்குமாமே?

பதில்: கிடைக்கும். வாட் 15 சதவீதம், பொருட்களின் மொத்த மதிப்பு 250 ராண்டுக்கு மேல் இருக்க வேண்டும். கையோடு எடுத்து வரும் பொருளுக்கு மட்டும்தான், ஹோட்டலுக்கும் சாப்பாட்டுக்கும் கிடையாது. சாதாரண கேஷ் பில் போதாது, வரி விலைப்பட்டியல் என்று கேட்டு வாங்க வேண்டும். நாட்டை விட்டுக் கிளம்பும் விமான நிலையத்தில் பெட்டியை லக்கேஜில் போடுவதற்கு முன்னால் பொருளைக் காட்டி முத்திரை வாங்க வேண்டும், நீங்கள் ஜோகன்னஸ்பர்க் வழியாகத் திரும்பினால் அந்த வேலை அங்கே. கமிஷன் வேறு பிடிப்பார்கள். இரண்டு சட்டை, ஒரு சாவிக்கொத்து வாங்கிவிட்டு இந்த வரிசையில் நிற்பதற்கு, அந்த நேரத்தில் நிம்மதியாக ஒரு காபி குடிக்கலாம்.