பின்னணியா? யார் சொன்னது?

கேள்வி: நவீனத்துவக் கதைகள்ல சோகம் வந்தா பின்னணி இசை மாதிரி ஒரு பாட்டும் கூடவே வந்துடுதே, ஏன்? இப்ப எழுதுறவங்களும் அதைச் செய்யலாமா?

பதில்: 'பின்னணி'ங்கிற சொல்லை மட்டும் வாபஸ் வாங்கிக்குங்க, மீதியைப் பேசலாம். சினிமா பாத்துப் பாத்து நமக்குப் பழகிருச்சு, ஆள் அழுதா வயலின் வரணும். நவீனத்துவக்காரங்ககிட்ட, அதாவது இருபதாம் நூற்றாண்டு முற்பாதியில கதை சொல்ற முறையையே மாத்தி எழுதினவங்ககிட்ட, கதை வேற, பாட்டு வர்ற வரைக்கும் ஆள் நல்லாத்தான் இருப்பான், பாட்டுதான் அவனைக் கவுக்கும்.

அயர்லாந்து எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ் 1914ல கொண்டுவந்த 'டப்ளினர்ஸ்' தொகுப்போட கடைசிக் கதையை எடுத்துக்குங்க. விருந்து முடிஞ்சு எல்லாரும் கிளம்புற நேரம், கீழ இருட்டுல நிக்கிற கேப்ரியல் மாடிப்படி மேல ஒரு பொம்பளை நிக்கிறதைப் பாக்கறான். முகம் நிழல்ல இருக்கு, பாவாடையோட பட்டைங்க மட்டும் தெரியுது, அது தன் மனைவி கிரெட்டான்னே அப்புறந்தான் புரியுது. கைப்பிடியில சாஞ்சு எதையோ கேட்டுக்கிட்டு நிக்கிறா. மாடியில ஒருத்தர் கட்டின தொண்டையோட பாடறார், வாசல்ல பேச்சும் சிரிப்பும், அதுக்கு நடுவுல இவன் காதுல துண்டு துண்டாத்தான் ஏதோ விழுது. உடனே என்ன நினைக்கிறான்? நான் ஓவியனா இருந்தா இவளை இப்படியே வரைஞ்சு 'தூரத்து இசை'ன்னு பேர் வைப்பேன்னு. பாத்தீங்களா, உங்களை மாதிரியே அவனும் பாட்டைப் பின்னணியாக்கிட்டான்! அப்புறம் ஹோட்டல் ரூம்ல அவ அழுதுகிட்டே சொல்றா, அந்தப் பாட்டை முன்னாடி பாடிக்கிட்டிருந்தவன் மைக்கேல் ஃப்யூரின்னு ஒரு பையன், 17 வயசுல செத்துட்டான்னு. ஒரே பாட்டுதான். அவளுக்கு முழு வாழ்க்கை, புருஷனுக்கு அழகான ஒரு காட்சி. இத்தனை வருஷம் கூட இருந்தும் அவளுக்குள்ள என்ன ஓடுதுன்னு தெரியலையேன்னு அவனுக்கு உறைக்குது பாருங்க, கதையோட துக்கமே அதுதான்.

பிரெஞ்சு நாவலாசிரியர் மார்செல் ப்ரூஸ்ட் இன்னும் கொடூரம். அவர் நாவல்ல ஸ்வானுக்கும் ஒடெட்டுக்கும் காதல் நடந்தப்ப ஒரு சொனாட்டாவுல, அதாவது மேற்கத்திய வாத்திய இசைப் படைப்புல, வர்ற சின்ன இசைத்துணுக்குதான் அவங்க கீதம். காதல் கசந்தப்புறம் ஒரு பெரிய வீட்டு விருந்துல திடீர்னு அதையே வாசிக்கறாங்க, அவ தன்னை நேசிச்ச நாளெல்லாம் உசுரோட எழுந்து வருது, அது இனி திரும்பாதுன்னும் அங்கதான் தெரியுது. அந்த சொனாட்டாவை எழுதினவர் தனக்குத் தெரிஞ்ச கூச்ச சுபாவக் கிழட்டு பியானோ வாத்தியார்னு ஸ்வானால நம்பவே முடியல.

நம்ம தமிழ்ச் சிறுகதைக்காரர் மௌனியை விட்டுட்டு இதைப் பேசவே முடியாது. மௌனின்னாலே 'சங்கீதம் மாதிரி நடை'ன்னு ஒத்தை வரியில முடிச்சுட்டுப் போற விமர்சகர்களோட எனக்குப் பழைய சண்டை, இன்னும் தீரல. நடையை விடுங்கய்யா, கதையில என்ன நடக்குதுன்னு பாருங்க. 'பிரபஞ்ச கான'த்துல பாடினா உயிருக்கே ஆபத்துங்கிற நிலையில ஒரு பொண்ணு, உலகத்தோட கானமெல்லாம் அவகிட்டயே அடைபட்டுக் கிடக்குன்னு நினைக்கிற ஒருத்தன், கடைசியில தன் கல்யாணத்துலயே அவ பாடறா, உயிரும் போகுது. அவனுக்கு அவளும் வேணும், பாட்டும் வேணும். ரெண்டும் சேந்து கிடைக்க வழியே இல்ல. இவ்ளோ பெரிய விஷயத்தை வச்சிருக்கிற கதையில போய் நடையை மட்டும் தடவிக்கொடுத்துட்டு வந்தா அது அந்த மனுஷனுக்குச் செய்ற அநியாயம்.

இப்ப எழுதுறவங்க செய்யலாமான்னா, தாராளமா. ஆனா எனக்கு வர்ற கதைகள்ல பாதியில மழை, ஜன்னல், ஹெட்ஃபோன்ல ஒரு பழைய பாட்டு, அந்தப் பாட்டு வர்ற பாராவை அடிச்சாலும் கதைக்கு ஒண்ணும் ஆகறதில்ல. கிரெட்டா கேட்ட பாட்டை எடுத்துட்டா ஜாய்ஸ் கதையில கேப்ரியல் நிம்மதியா தூங்கிருவான். உங்க கதையை அனுப்புறதுக்கு முன்னாடி பாட்டு இல்லாம ஒரு தடவை படிச்சுப் பாருங்க, அப்பவும் அது முழுசா இருந்தா பாட்டை எடுத்துட்டே அனுப்புங்க.